அதட்டல் பிள்ளைக்கு மட்டுமா?

காரைக்குடியில் எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே புகார்: பையன் கைபேசியை விட மாட்டேன் என்கிறான். சொல்கிறவரின் கட்டைவிரலோ பேச்சுக்கு நடுவிலேயே திரையைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சென்ற மாதம் உறவினர் வீட்டில் சாந்திக் கல்யாணம், அதாவது அறுபதாம் கல்யாணம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பந்தி. இலையில் கவுனி அரிசி இனிப்பு விழுந்ததும் எதிர்வரிசைத் தகப்பனார் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். யார் பதில் போட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். பக்கத்தில் மகன் இடது கையில் ஏதோ விளையாட்டு. "சாப்பிடும்போது என்னடா போன்?" என்று அவனுக்கு மட்டும் அதட்டல். அவன் வாய் திறக்கவில்லை; அப்பாவின் கையைத்தான் பார்த்தான்.

இரண்டு வயதில் சோறு இறங்கத் திரையைக் காட்டியது யார்? இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. யார் கேட்டோம்? இரவில் திரை வெளிச்சம் மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது, தூக்கம் கெடுகிறது. பெற்றோரும் நள்ளிரவு வரை பார்த்துவிட்டு, காலையில் பிள்ளை எழவில்லை என்று திட்டுகிறார்கள்.

அப்பா சிங்கப்பூரில் இருக்கும் வீடுகளுக்குக் காணொளி அழைப்பு வேண்டும்தான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் பட்டாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், ஒரு பெட்டியை வையுங்கள். பெரியவர்களின் கைபேசி முதலில் அதற்குள் போகட்டும்.