டிவ்வி நம்பர்

இங்கிலாந்தின் ராச்டேலில் நான் இருந்தபோது என் பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்பது வயதுக்கு மேல். நம் கணக்கில் பாட்டி. ஆனால் அங்கே பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். எனக்கு ஆறு மாதம் வாய் வரவில்லை.

அவருக்குத் தன் செல்போன் நம்பர் தெரியாது. அம்மாவின் கோ-ஆப் (கூட்டுறவுக் கடை) டிவ்வி நம்பரை மட்டும் எப்போது கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்வார். டிவ்வி என்றால் தொலைக்காட்சி இல்லை, டிவிடெண்ட், வாங்கிய சரக்குக்கு ஏற்ப உறுப்பினருக்குக் கடை தரும் லாபப் பங்கு. சிறுமியாக ரொட்டி வாங்கப் போகும்போது, நம்பரை ஒருமுறை ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் அம்மா கதவைத் திறப்பாராம். கடையில் மறந்து முழித்தால் அந்த ரொட்டிக்கான பங்கு போச்சு. சேர்ந்து வரும் அந்தப் பணத்தில்தான் பிள்ளைகளுக்கு ஷூ.

இந்த ஏற்பாடு பிரபலமானதே அந்த ஊரிலிருந்துதான். 1844 டிசம்பர் 21 அன்று, டோட் லேன் 31ஆம் எண் கிடங்கின் தரைத்தளத்தில், நெசவாளர்கள் முதலான தொழிலாளர்கள் சிலர் சேர்ந்து கடை திறந்தார்கள். போட்ட முதலீடு 28 பவுண்டு பணம். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ், மெழுகுவத்தி, அவ்வளவுதான் சரக்கு. (டோட் என்றதும் தேரைச் சந்து என்றே நினைத்திருந்தேன். 'தி ஓல்டு லேன்' என்பதை ஊர் நாக்கு அப்படித் தேய்த்துவிட்டது என்பார்கள்.)

'அந்தக் காலக் கடைக்காரர்கள் நேர்மையானவர்கள்' என்று யாராவது பதிவு போட்டால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான். நேர்மையாக இருந்திருந்தால் கூலிக்கு நெய்கிறவர்கள் எதற்குப் பென்னி பென்னியாகச் சேர்த்துத் தனியாகக் கடை வைக்கிறார்கள்? மாவில் சுண்ணாம்புத் தூள், தேயிலையில் வேறு ஏதோ இலை, தராசில் கை, தீராத கடன் நோட்டு. இவர்கள் சொன்னது: எடை சரியாக இருக்கும், கலப்படம் இருக்காது, கடன் கிடையாது, வாங்கிய அளவுக்கு லாபத்தில் பங்கு. 1904இல் திருவல்லிக்கேணியில் டி.யு.சி.எஸ். என்ற கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர்களுக்கும் முன்மாதிரி ராச்டேல்தான். சென்னைக்காரர்கள் அந்தப் பெயரை ரேஷன் கடைப் பலகையில் பார்த்திருப்பீர்கள்.

நான் போன 2004இல் ஊரின் பஞ்சு மில்கள் எப்போதோ மூடியிருந்தன. செங்கல் புகைபோக்கிகள் ஒன்றிரண்டு மிச்சம். மழை நாளில் மீன் வறுவல் கடை வரிசைதான் எனக்குப் பிடித்த இடம். வினிகர் ஆவி கண்ணாடியில் படிந்திருக்கும். மீனைப் பொரித்தபின் எண்ணெயில் மிதக்கும் மாவுத் துணுக்குகளை, கேட்டால் சும்மா அள்ளிப் போடுவார்கள். நம் பஜ்ஜிக் கடைத் தூள், அச்சு அசல். கூடவே ஒரு 'லவ்', நம் 'கண்ணு' மாதிரி. பல்லில்லாத தாத்தாவும் லவ்தான், நானும் லவ்தான். முதல் முறை காது சூடாகிவிட்டது, சொல்லவா வேண்டும்.

அப்புறம் வூல்வொர்த்ஸ், எல்லாச் சாமானும் விற்ற கடைத்தொடர். பிரிட்டனில் அதன் முதல் கடை 1909இல் லிவர்பூலில். 2009 ஜனவரி முதல் வாரத்தோடு நாடு முழுக்கச் சுமார் 800 கடைகளும் காலி. கடைசி நாட்களில் மிட்டாய் தீர்ந்து, மிட்டாய் வைத்த அலமாரியையே விற்றார்கள். வாங்கவும் ஆள் இருந்தது.

ஊர் கெட்டதற்கு வெளியிலிருந்து வந்தவர்கள்தான் காரணம் என்று சிலர் பேசுவார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. உள்ளூர்க்காரர்கள் விரும்பாத ராத்திரி ஷிஃப்டுக்குத்தான் பாகிஸ்தானியர்களும் வங்கதேசத்தவரும் மில்லுக்கு வந்தார்கள். மில் போனது, சம்பளம் போனது, சம்பளம் வாங்கியவர்களை நம்பியிருந்த கடைகள் போயின. அதன் பிறகும் மில்க்ஸ்டோன் ரோட்டில் இரவு பத்து மணிக்கு விளக்கு எரிந்தது அவர்கள் கடைகளில்தான். எனக்கு வெண்டைக்காய் கிடைத்ததும் அங்கேதான். பாட்டிக்கு அவசரத்துக்குப் பால் கிடைத்ததும் அங்கேதான். இதை அவரே சொல்வார், கொஞ்சம் தயங்கி.

நான் ஊர் திரும்புவதற்கு முன் ஒருநாள் அவரோடு கோ-ஆப் கடைக்குப் போனேன். பில் போடும் பெண், 'மெம்பர் கார்டு இருக்கா, லவ்?' என்றாள். கார்டு இல்லை. பாட்டி அம்மாவின் நம்பரைச் சொன்னார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். அவள் என்னைப் பார்த்தாள், நான் ரொட்டியைப் பார்த்தேன். பாட்டி விடவில்லை. அவள் எழுதிக்கொள்ளட்டும் என்று, இன்னொரு முறை, ஒவ்வொரு இலக்கமாக நிறுத்திச் சொன்னார்.