4,500 ரூபாய் விளக்கு

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருக்கும் நாமெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பியின் வீட்டில் கூடியபோது நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் மூன்று நாட்களாகப் பொறுத்திருந்தேன். அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். இல்லாதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். இரண்டடி உப்புநீர்த் தொட்டி, அதில் பவள வகைகளான ஐந்தாறு மஷ்ரூம், இரண்டு கொத்து ஸோவா, சிறிய லெதர் ஒன்று, மேலே 4,500 ரூபாய்க்கு வாங்கிய பழைய எல்.இ.டி. பெட்டி. அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "இதற்கு ஒரு டியூப் லைட்டையே மாட்டியிருக்கலாமே" என்று நம்மில் மூத்தவர் ஒருவர் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தத் தம்பியும் சேர்ந்து சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். விளக்கைத் தொட்டிக்குள் இருக்கும் உயிருக்காக வாங்க வேண்டும். தொட்டியைப் பார்க்க வரும் விருந்தாளிக்காக அல்ல.

பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் ஒளியைக் கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைத் தமக்கு இடம் கொடுத்த பவளத்துக்கே தருகின்றன. அவற்றுக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி, அதிலும் முக்கியமாக நீலப் பகுதி. அந்த ஒளி எவ்வளவு வந்து விழுகிறது என்பதைச் சொல்வதே 'பார்' (PAR) அளவு. மஷ்ரூமுக்கு 50 முதல் 100 வரை இருந்தால் போதும். ஸோவாவும் லெதரும் 100, 150 அளவில் நன்றாக விரிந்து நிற்கும். 250, 300 என்று கேட்பவை அக்ரோபோரா போன்ற கல் பவளங்கள். அந்தக் கல் பவளங்களோ நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஆக, நாம் யாருமே வீட்டில் வளர்க்கக் கூடாத பவளத்துக்குரிய விளக்கு அவனிடம் இல்லை என்று ஒருவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

அன்று யாராவது அளந்து பார்த்தார்களா? ஒருவர் மட்டும் கைப்பேசியை நீட்டி, லக்ஸ் எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான கணக்கு. 555 நானோமீட்டர் பச்சையில் அதற்கு உச்ச மதிப்பு, ஆழ்ந்த நீலத்துக்கு ஏறக்குறைய மதிப்பே கிடையாது. நீல விளக்கை லக்ஸில் அளப்பது, உப்பைத் தராசில் நிறுத்துக் கரிப்பைச் சொல்வது போன்றது.

இந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. இதற்குப் பயந்துதான் 2013இல் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கு ஒன்றைக் கடன்பட்டு வாங்கினேன். தினமும் பத்து மணி நேரம் எரித்தால் இரண்டரை யூனிட், இரண்டு மாதக் கணக்கில் 150 யூனிட். தமிழ்நாட்டில் 2016இல் வீடுகளுக்கு இலவசமாக்கப்பட்ட 100 யூனிட்டை அது ஒன்றே விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். சித்திரை வெயிலில் தண்ணீர் 31 டிகிரிக்கு ஏறியது. சில்லர் வாங்கினேன். விளக்கு சூடாக்க, சில்லர் குளிர்விக்க, இரண்டுக்கும் சேர்த்து நான் பணம் கட்டினேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் ஈ.பி. அட்டையைத் தொட்டியின் கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். நானும் அதை எடுக்கவில்லை. சில்லர் வருவதற்குள் பாறை உச்சியில் இருந்த லெதர் வெளுத்துச் சுருங்கிப் போயிற்று. ஒளி போதாமல் அல்ல, வெப்பமும் ஒளியும் மிகுந்து போனதால். 2016இல் மன்னார் வளைகுடாவில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்த செய்தியைப் படித்தபோது என் கண்முன் வந்து நின்றது அந்த லெதர்தான்.

மலிவான பெட்டி சீக்கிரம் கெட்டுவிடும் என்பீர்கள். கெடும். இப்போது நான் வைத்திருப்பதில் ஒன்றரை ஆண்டில் விசிறி கரகரவென்று நின்றுபோனது. சென்னை ரிச்சி தெருவில் 150 ரூபாய்க்கு வேறொன்று வாங்கி மாட்டினேன். அட்டைப்பெட்டியில் 165 வாட் என்று அச்சிட்டிருந்தது, அளந்தால் 110தான் வந்தது. பொய்தான், ஆனால் என் மின்கட்டணத்துக்குச் சாதகமான பொய். வெளிச்சத்தைப் பாதியளவு குறைத்து எட்டு மணி நேரம் எரித்தால் இரண்டு மாதத்துக்கு முப்பது யூனிட்டைத் தாண்டுவதில்லை.

நிறம் வராது என்பீர்கள். 450 நானோமீட்டர் நீலம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் 450 நானோமீட்டர்தான். விலை கூடியவற்றில் ஒளி சீராகப் பரவும், கைப்பேசியிலிருந்தே கட்டுப்படுத்தலாம் என்பதெல்லாம் உண்மை. நான்கடித் தொட்டியும் வசதியும் உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும், அதை நான் ஏன் தடுக்கப் போகிறேன்? டியூப் லைட் என்பதும் ஒரு வசையா என்ன? டி5 குழல்களின் கீழ் எத்தனை பவளத் தொட்டிகள் ஆண்டுக்கணக்கில் செழித்திருக்கின்றன என்பது கேலி செய்த அண்ணனுக்கே தெரியும். ஆண்டுதோறும் குழல் மாற்றும் செலவு கட்டுப்படியாகாமல்தான் பலர் அதை விட்டார்கள்.

உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. உப்புநீருக்கு மேலே தொங்கும் அந்தப் பெட்டிக்கு எர்த் இருக்கிறதா, மின்கசிவு நேர்ந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா, ஒயர் வழியே இறங்கும் நீர் நேராக ப்ளக்குக்குள் போகாதபடி ஒயரைத் தொங்கவிட்டிருக்கிறானா என்று அத்தனை அனுபவசாலிகளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. விலையை மட்டும் கேட்டீர்கள்.

அண்ணே, உங்கள் தொட்டியில் வலது மூலையில் இருக்கும் பச்சை மஷ்ரூம், நான்கு ஆண்டுகளுக்கு முன் என் தொட்டியிலிருந்து வெட்டி நான் கவரில் கட்டிக் கொடுத்தது. அது வளர்ந்தது இதே மாதிரிப் பெட்டியின் கீழ்தான். அன்று அதை வாங்கிக்கொண்டபோது என் விளக்கின் விலையை நீங்கள் கேட்கவில்லை. நானும் என் பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

நண்பர்கள் நால்வர் பங்கு போட்டு வாங்கிய பார் மீட்டரை எடுத்துக்கொண்டு நேற்று மாலை அந்தத் தம்பி வீட்டுக்குப் போனேன். மணல் மேல் 65, பாறை உச்சியில் 120. லெதரை உச்சிக்கு ஏற்றி, மஷ்ரூம்களை மணலை ஒட்டி இறக்கி வைத்தோம். புது விளக்கு வாங்கப் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டதாகச் சொன்னான். விளக்கு அப்படியே இருக்கட்டும், அந்தப் பணத்தில் முதலில் ஒரு ஆர்.சி.சி.பி. போடு என்று சொல்லிவிட்டு வந்தேன்.