அம்மா ஏறிய பாறை

எட்டு மாதமாக அம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு என்னை அழைத்துக்கொண்டிருந்தார். குரல் தெளிவாக இருக்கும். "டவர் நன்றாகக் கிடைக்கிறதா அம்மா?" என்று கேட்டால், "அதற்கென்ன, கிடைக்கிறது" என்பார். பொங்கலுக்குக் கொல்லிமலைக்குப் போனபோதுதான் தெரிந்தது, வீட்டுக்குள் ஒரு சிக்னல் கோடுகூட இல்லை. மிளகுக் கொடிகளைத் தாண்டி, மேட்டில் இருக்கும் பாறைமீது ஏறி நின்றுதான் இத்தனை நாளும் பேசியிருக்கிறார். அவருக்கு வயது 68. மழைக்காலத்தில் பாசி பிடித்து வழுக்கும் பாறை அது.

அந்த சிம்மை வாங்கிக் கொடுத்தவன் நான். கோவையில் எங்கள் வீட்டில் நான்கு பேருக்கும் ஒரே நிறுவனம், ஒரு குறையும் இல்லை. அதையே அம்மாவுக்கும் வாங்கிவிட்டேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போகிற ஊருக்கு, கோவையில் கண்டதை வைத்து முடிவெடுத்திருக்கிறேன். பாறையைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

"எந்த நெட்வொர்க் நல்லது?" என்று என்னிடம் யார் கேட்டாலும் இனி நான் திருப்பிக் கேட்கப்போவது ஒன்றுதான்: "எந்த ஊரில், வீட்டின் எந்த அறையில்?" விளம்பரத்தில் வரும் வேகம் எங்கோ ஒரு நகரத்தின் வேகம். அலைவரிசைக்கும் ஒரு குணம் இருக்கிறது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள் வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2300, 3300 போன்ற உயர்ந்தவை நிறையத் தரவைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும். மலையில் இதற்கும் மேலே ஒரு சிக்கல் உண்டு. நடுவில் ஒரு முகடு நின்றால் ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கும் கோபுரத்தால்கூடப் பயன் இல்லாமல் போகலாம். பள்ளத்தாக்குக்கு எதிர்ப்புறம் தொலைவில் தெரியும் கோபுரமோ நன்றாக எடுக்கும். அடுத்த தெருக்காரருக்குக் கிடைப்பது நமக்கும் கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது.

நிறுவனங்கள் தங்கள் சேவை எங்கெங்கே கிடைக்கிறது என்பதை வரைபடமாக இணையத்தில் வைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி செய்திருக்கிறது. நல்ல விதி, கட்டாயம் பாருங்கள். ஆனால் வரைபடத்தின் வண்ணம் உங்கள் சமையலறைச் சுவரின் கனத்தைக் கணக்கில் எடுத்திருக்காது. ஓட்டு வீட்டுக்கும் கான்கிரீட் வீட்டுக்கும் உள்ள வேறுபாடும் அதில் தெரியாது.

அந்தப் பொங்கல் விடுப்பு முழுக்க நான் ஊரில் விசாரித்தேன். முதலில் நியாயவிலைக் கடைக்காரரிடம் போனேன். அவருடைய கருவியில் சிம் வேலை செய்யாவிட்டால் வரிசை நகராது. ஆகவே எந்த நிறுவனம் எந்த நேரத்தில் படுத்துவிடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்து கிராம செவிலியர். பிறகு, ஊர் ஊராக வாழைத்தார் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டுநர். கடைசியாக 108 ஆம்புலன்ஸ் ஓட்டுநர். எந்த வளைவில் அழைப்பு அறுந்துபோகும், எங்கே மீண்டும் கிடைக்கும் என்று அவர் விரல்விட்டுச் சொன்னார். மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். அது நான் நினைத்தே பார்க்காத பெயர்.

பக்கத்து வீட்டுத் தம்பியிடம் அந்த நிறுவனத்தின் சிம் இருந்தது. அதை இரண்டு நாள் இரவல் வாங்கிச் சோதித்தேன். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம், ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் அமைப்புகளுக்குள் சிம் நிலை என்ற பகுதியில் சிக்னலின் அளவு எண்ணாக இருக்கும். 4ஜியில் மைனஸ் 85 என்றால் நல்லது. மைனஸ் 115, 120 என்று இறங்கினால் பேச்சு உடையும். அடுப்பங்கரையிலும், அம்மா படுக்கும் கட்டிலருகிலும், மாட்டுக்கொட்டகையிலும் அதைக் குறித்துக்கொண்டேன். மின்சாரம் போன நேரத்திலும் பார்த்தேன். இதை யாரும் சொல்லித் தருவதில்லை: மின்சாரம் நின்றால் கோபுரம் பேட்டரியிலோ டீசலிலோதான் ஓடும். பராமரிப்பு சரியில்லாத இடத்தில் மழைக்காற்று அடிக்கும் இரவில், நமக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில், கோபுரமும் அணைந்துவிடும்.

இன்னொன்று, பெற்றோரிடம் பழைய 2ஜி பட்டன் போன் இருந்தால் கவனியுங்கள். ஜியோவில் 2ஜி சேவையே கிடையாது; அந்த போனில் அந்த சிம் வேலை செய்யாது.

எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். அது நான்கு நாள் செல்லும். அதற்குள் புதிய நிறுவனத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஒரே தொலைத்தொடர்பு வட்டத்துக்குள், அதாவது தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால், மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஆனால் மாறியபின் 90 நாள் காத்திருந்துதான் மீண்டும் மாற முடியும். அதனால்தான் முதலில் இரவல் சிம்மில் சோதித்துவிடுங்கள் என்கிறேன். முன்பணமாகப் போட்ட மீதித் தொகையும் கூடவே வராது.

வீட்டில் இரண்டாவதாக வேறொரு நிறுவனத்தின் சிம்மும் இருக்கட்டும். 2018 பிப்ரவரியில் ஏர்செல் சேவை முடங்கியபோது தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் ஒரே நாளில் தொடர்பற்றுப் போயின. ஆனால் ஒரே கோபுரத்தில் இரண்டு மூன்று நிறுவனங்களின் கருவிகள் தொங்குவது இங்கே வழக்கம். அந்தக் கோபுரம் அணைந்தால் இரண்டு சிம்மும் சேர்ந்தே அணையும். இரண்டாவது சிம் வேறு கோபுரத்திலிருந்து வருகிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவின் எண்ணை மாற்றியாகிவிட்டது. இப்போது கட்டிலில் உட்கார்ந்தபடியே பேசுகிறார். எங்கள் ஊருக்கு மேலே இருக்கும் சிற்றூர்களில் இப்படித் தேர்ந்தெடுக்கக்கூட வழியில்லை. அங்கே எடுப்பது ஒன்றே ஒன்று, அதுவும் சில இடங்களில் மட்டும். அரசு நிதியில் எழுப்பிய கோபுரங்களில் பிற நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் 4ஜி பயன்படுத்தலாம் என்ற ஏற்பாடு 2025 ஜனவரியில் தொடங்கியது. மலைப்பகுதியின் எல்லாக் கோபுரங்களுக்கும், யார் பணத்தில் கட்டியிருந்தாலும், குரல் அழைப்புக்காவது அதை விரிக்க வேண்டும். அந்தச் சிற்றூர்களில் இன்றைக்கு மாலையும் யாரோ ஒரு அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு மேடு ஏறிக்கொண்டிருப்பார்.