ரத்தப் பரிசோதனை முடிவும் மனநிலை ஊகமும் ஒரே ஃபைலில் வேண்டாம்

பிளாஸ்டிக் கவரில் பழைய ரிப்போர்ட்டுகளைச் சுமந்துகொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிற காலம் முடியவேண்டும். அந்த வகையில், நம் மருத்துவப் பதிவுகளை இணைத்துப் பகிர உதவும் அரசின் சுகாதார அடையாள எண்ணான ஆபாவை நான் ஆதரிக்கிறவன். ஆனால் நோயாளி பேசுவதையும் எழுதுவதையும் வைத்து அவர் மனநிலையைக் கணினியே கணித்து, அதையும் மருத்துவப் பதிவில் சேர்த்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சீட்டில் 'எம்.எஸ்.' என்று எழுதியிருந்தால் இதய மருத்துவருக்கு அது மைட்ரல் வால்வு சுருக்கம், நரம்பு மருத்துவருக்கு மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். எழுதியவர் யார் என்று பார்த்து மனிதர்கள் புரிந்துகொள்வார்கள், கணினி திணறும். ஸ்னோமெட் சி.டி. என்ற மருத்துவச் சொல் தொகுப்பில் முதலாவதற்கு 79619009, இரண்டாவதற்கு 24700007 என்று தனித்தனி எண். அதோடு, இந்த வால்வுச் சுருக்கம் ஒரு வால்வு நோய், வால்வு நோய் ஒரு இதய நோய் என்ற உறவும் அதிலேயே இருக்கிறது. அதனால் 'இதய நோயாளிகள் யார் யார்' என்று தேடினால் இவரும் வந்துவிடுவார். ஆய்வகச் சோதனைகளுக்கு லாயிங்க், பதிவுகளை அனுப்பும் வடிவத்துக்கு ஃபயர் என்று தனித் தரங்கள் உண்டு. லண்டனில் எடுத்த ரிப்போர்ட்டில் சர்க்கரை 7 (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) என்று இருந்தால் இங்கே அது 126 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்). அலகும் சேர்ந்து வந்தால்தான் அந்த 7க்கு அர்த்தம். இந்தியா 2014இலேயே ஸ்னோமெட் அமைப்பில் சேர்ந்துவிட்டது. ஆபா எண்ணைத் தரும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுவதும் வந்தது. இதெல்லாம் வேண்டியதுதான்.

உணர்வு அப்படி இல்லை. சர்க்கரையை அளக்கிறோம், சோகத்தை ஊகிக்கிறோம். மூணு மணி நேரம் வராந்தாவில் காத்திருந்தவர் "ரொம்ப நல்லாவே கவனிச்சீங்க, நன்றி" என்று எழுதிவிட்டுப் போனால் சொற்களைப் பார்க்கிற மென்பொருள் மகிழ்ச்சி என்று குறித்துக்கொள்ளும். இந்தத் துறையில் பலரும் அமெரிக்க உளவியலாளர் பால் எக்மனின் ஆறு அடிப்படை உணர்வுகளில் இருந்துதான் தொடங்குகிறார்கள். தொல்காப்பியர் மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்வு, எட்டு என்றார். (நம்மவர்தான் முதலில் என்று மார்தட்ட வரவில்லை, பொறுங்கள்.) எட்டோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றுக்கும் நான்கு காரணம் சொன்னார். அழுகைக்கு இளிவு (அவமதிப்பு), இழவு (இழப்பு), அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. இழவால் அழுகிறவருக்கும் வறுமையால் அழுகிறவருக்கும் தேவைப்படுவது ஒன்றா? மென்பொருள் மதிப்பெண் போட்டுக் குத்தும் 'சோகம், 0.83' என்ற முத்திரையில் அந்தக் காரணம் எங்கே போயிற்று?

2014 அக்டோபர் இறுதியில் பிரிட்டனின் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பு 'ரேடார்' என்று ஒரு செயலி கொண்டுவந்தது. நாம் ட்விட்டரில் பின்தொடர்கிறவர்களின் பதிவுகளில் மனமுடைந்த சொற்கள் தென்பட்டால் நமக்கு மின்னஞ்சல் வரும். நல்ல எண்ணம்தான். ஆனால் கண்காணிக்கப்பட்டவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. ஒருவரைத் துன்புறுத்த நினைக்கிறவனுக்கும் அவர் எப்போது பலவீனமாக இருக்கிறார் என்று அதே செயலி சொல்லிவிடுமே என்று எதிர்ப்பு கிளம்பியது. ஒன்பதே நாளில் நிறுத்திவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், முகத்தையும் குரலையும் வைத்து உணர்வைக் கணிப்பதை அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தடை செய்திருக்கிறது. மருத்துவக் காரணத்துக்கு விலக்கு உண்டு. என் கவலையே அந்த விலக்கில்தான்.

ஊகத்துக்கும் ஓர் எண் கொடுத்துவிட்டால் அது நோய்க்குறிப்பு மாதிரியே தெரியும், அதுதான் சிக்கல். ஃபயர் வடிவத்தில் ஒரு நோய் 'உறுதியானது', 'தற்காலிகமானது', 'மறுக்கப்பட்டது' என்று குறிக்க இடம் இருக்கிறது. யார் சொன்னது, எப்படிக் கிடைத்தது என்று எழுதவும் வழி உண்டு. ஆனால் அடுத்த மருத்துவமனையின் திரை அதைக் காட்டாமல் விட்டால் 'மனச்சோர்வு' என்ற சொல் மட்டும் மிஞ்சும். அப்புறம் நெஞ்சு வலி என்று போகிறவரைக் கூட "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மனநலம் பற்றிய தகவல்களுக்கு இரகசியம் காக்கும் உரிமையைத் தந்திருக்கிறது. என்னைக் கேட்டால், மென்பொருள் கணித்த உணர்வு அந்த மென்பொருளோடு நிற்கட்டும். மருத்துவர் எதிரில் உட்கார்ந்து பேசி, தானே எழுதினால் மட்டும் பதிவுக்குள் வரட்டும். ஆபாவில் பகிர ஒப்புதல் கேட்கும்போது எந்த வகைப் பதிவு, எந்தத் தேதி வரை என்று காட்டும், பிறகு திரும்பப் பெறவும் முடியும். கவுன்ட்டரில் "சீக்கிரம் ஓகே கொடுங்க சார்" என்றாலும் ஒரு நிமிடம் எடுத்துப் படித்துப் பாருங்கள்.