அந்த ஒரு வரியை மாற்றுங்கள்

சனிக்கிழமை நம் சங்க நிகழ்ச்சியில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். அதனால் முழுக்கதையையும் திரும்பச் சொல்லவில்லை. அறுபதுகளின் அமெரிக்க டிவி நடன நிகழ்ச்சிகளைத் திரையில் ஓடவிட்டு எல்லாரும் ஆடினோம். நானும் ஆடினேன். நடுவில் மைக் பிடித்தவர், "நிறம் பார்க்காம எல்லாப் பசங்களும் ஒண்ணா ஆடின காலம்" என்றார். "அது அப்படி இல்லைங்க" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். மூன்று நாளாக நான் "எதைத் தொட்டாலும் அரசியல் பேசுகிறவள்" ஆகிவிட்டேன்.

எனக்கு அந்த நிகழ்ச்சிகள் பிடிக்கும். பள்ளிக்கூடம் விட்டு நேராக ஸ்டுடியோவுக்கு ஓடிவந்த பிள்ளைகள், டை கட்டிய பையன்கள், புதுப் பாட்டைக் கேட்டுவிட்டு 35-லிருந்து 98-க்குள் மார்க் போடும் அந்தத் தீவிரமான முகங்கள். அவற்றில் ஒன்றான 'அமெரிக்கன் பேண்ட்ஸ்டாண்ட்' நிகழ்ச்சியின் பழைய காட்சிகளை நான் எத்தனை ராத்திரி உட்கார்ந்து பார்த்திருக்கிறேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். பிடித்ததால்தான் படித்தேன். படித்ததால்தான் சொல்கிறேன்: எல்லாரும் ஆடவில்லை.

பேண்ட்ஸ்டாண்ட் ஸ்டுடியோ மேற்கு பிலடெல்பியாவில், மார்க்கெட் தெருவில் இருந்தது. சுற்றுப்பக்கத்தில் கறுப்பினக் குடும்பங்கள் ஏராளம். அந்த வீட்டுப் பிள்ளைகளால் நடந்தே வந்துவிட முடியும், உள்ளே போகத்தான் முடியாது. அனுமதிச் சீட்டுக்கு முன்கூட்டியே கடிதம் போட வேண்டும், உடை விதி என்று ஒன்று வேறு. ஐம்பதுகளில் சில பிள்ளைகள் ஐரிஷ், இத்தாலிய, போலந்துக் குடும்பப் பெயர்களில் கடிதம் எழுதிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒரு நடன நிகழ்ச்சிக்குள் நுழைய, ஒரு பிள்ளை தன் அப்பா பெயரை மறைக்க வேண்டியிருந்தது. எனக்கு இதைத் தாண்டிப் போக முடியவில்லை. தொகுப்பாளர் டிக் கிளார்க் பிற்காலத்தில், 1957-லேயே எல்லாரையும் சேர்த்துக்கொண்டதாகச் சொன்னார். வரலாற்றாசிரியர் மாத்யூ டெல்மான்ட் அந்த ஊர் மனிதர்களிடம் பேசி, பழைய பத்திரிகைகளைப் புரட்டி, 1964-ல் நிகழ்ச்சி லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போகும்வரை பிலடெல்பியாவில் இந்தப் பாகுபாடு நீடித்ததைக் காட்டியிருக்கிறார்.

"கறுப்பினப் பாடகர்கள் பாடினார்களே, அது தெரியாதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். தெரியும். நான் சொல்வதே அதுதான். பாட்டு உள்ளே வந்தது. ஸ்டெப்பும் உள்ளே வந்தது. 'ஸ்ட்ரோல்' நடனம் பக்கத்து ஊரான வில்மிங்டனில் மிட்ச் தாமஸ் நடத்திய நிகழ்ச்சியில் கறுப்பினப் பிள்ளைகள் ஆடியது. அதையே பேண்ட்ஸ்டாண்ட் தரையில் வேறு பிள்ளைகள் ஆட, நாடே பார்த்தது.

நாம் இப்போது குடியிருக்கிற பால்டிமோர் பக்கமே வருவோம். 'பட்டி டீன் ஷோ' என்ற டிவி நடன நிகழ்ச்சி 1957-லிருந்து இங்கே ஓடியது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனி நாள், மற்ற நாளெல்லாம் வெள்ளைப் பிள்ளைகள் மட்டும். 1963 ஆகஸ்ட் 12 அன்று, ஒரு மாணவர் உரிமைக் குழுவின் திட்டப்படி, நேரடி ஒளிபரப்பிலேயே இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே தரையில் ஆடினார்கள். அதற்குப் பிறகு மிரட்டல்கள். நிலையம் என்ன செய்தது? சேர்ந்து ஆட விடுவதற்குப் பதிலாக, 1964 ஜனவரி 4-ஆம் தேதியோடு நிகழ்ச்சியையே மூடிவிட்டது. எல்லாரும் ஆடவில்லை. ஆடிவிடுவார்களோ என்ற நிலை வந்ததும் விளக்கை அணைத்துவிட்டார்கள்.

எங்கள் பக்கத்து வீட்டுக் கறுப்பின அம்மாவுக்கு அப்போது பதிமூன்று வயது. ஸ்டெப் எல்லாம் டிவி பார்த்தே கற்றுக்கொண்டாராம், ஜோடிக்கு ஆள் இல்லாமல் ஃபிரிட்ஜ் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. அந்த ஆகஸ்ட் நாளில் அவருடைய அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக ஓடிவந்து, உட்காராமல் கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தாராம். போன குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு அம்மா எனக்கு 'மேடிசன்' நடனம் சொல்லிக் கொடுத்தார். முட்டி வலி, ஆனாலும் கால் ஒரு தாளம் தப்பவில்லை. "இதை நான் டிவியில் ஆடியிருக்கணும்" என்றார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். சனிக்கிழமை மைக்கில் அந்த வாக்கியத்தைக் கேட்டபோது எனக்கு இவர் முகம்தான் வந்தது. நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

"அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் அப்படித்தான்" என்பவர்களுக்கு: இல்லை. 1963-லேயே வாஷிங்டனில் 'டீனராமா' என்று கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஒரு நிகழ்ச்சி தொடங்கி 1970 வரை ஓடியது. வட கரோலினாவின் ராலியில் ஜே. டி. லூயிஸ் 1958-லிருந்து 'டீனேஜ் ஃப்ராலிக்ஸ்' நடத்தினார், எண்பதுகள்வரை. ஆடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள், ஆட இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். சனிக்கிழமை நம் திரையில் அவர்களில் ஒருவர்கூட இல்லை. ஏன் இல்லை?

"ஆடின வெள்ளைப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?" பதினைந்து வயசுப் பிள்ளைகள். சரி, ஒத்துக்கொள்கிறேன். நான் அவர்களைச் சொல்லவே இல்லை.

ஆனால் ஒரு கருத்து என்னைத் தூங்கவிடவில்லை. "இதில் உனக்கென்னம்மா வந்தது? நீ என்ன கறுப்பினத்தவளா?"

எனக்கென்ன வந்தது என்று சொல்கிறேன். ஏழாம் வகுப்பு ஆண்டுவிழா. ஒரு மாதம் ஒத்திகை, எல்லா ஸ்டெப்பும் எனக்குத்தான் முதலில் வந்தது, மற்றவர்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மேக்கப் போடுகிறவர் வந்து பார்த்த அன்று, டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ டேப் ரெக்கார்டரைப் பார்த்துக்கோ, உன்னை மாதிரிப் பொறுப்பான பிள்ளை வேணும்" என்றார். என் இடத்தில் வந்த பெண்ணுக்கு இரண்டாவது சரணத்தில் கால் குழம்பியது. என் நிறம்தான் காரணம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. திரைக்குப் பின்னால், கேசட் பட்டனில் விரலை வைத்துக்கொண்டு, இருட்டில் காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன். அம்மா முன்வரிசையில் என்னைத் தேடிக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அவள் ஒன்றும் கேட்கவில்லை, பூ மட்டும் வாங்கிக் கொடுத்தாள்.

நாளைக்கு யாராவது அந்த விழாப் புகைப்படத்தைப் போட்டு "நம்ம வகுப்பு முழுக்க ஆடினோமே" என்று எழுதினால் நான் லைக் போட வேண்டுமா?

பாட்டைப் போடுங்கள், ஆடுங்கள், அடுத்த வருஷமும் கூப்பிட்டால் வருவேன், மேடிசன் சொல்லியும் தருவேன். நான் கேட்டது, சங்கத்தின் இணையப் பக்கத்தில் இருக்கும் அந்த வீடியோவின் கீழே "எல்லாரும் ஒன்றாக ஆடிய பொற்காலம்" என்று போட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை மாற்றுங்கள் என்றுதான். நிர்வாகிகளுக்குத் தனியாகவும் எழுதினேன். பக்கத்து வீட்டு அம்மாவின் பேத்தி அந்தப் பக்கத்தைப் பார்ப்பாள் என்றும் எழுதினேன்.

இன்று காலை வரை மாற்றவில்லை.