கேஸ் தோம்பிலுமா சிஞ்சாய்?

"கொஞ்சம் வாசம் வரத்தான் செய்யும் ஆண்டி, பயப்படாதீங்க."

கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், மாட்ட வந்த தம்பியின் திருவாய்மொழி. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிட்டு மோட்டாரை முறுக்கிக்கொண்டு போயே போய்விட்டான்.

வாசமாம். மல்லிகைப்பூவா அது? கேஸுக்குச் சொந்த வாசம் கிடையாது தம்பி. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே கலக்கிறார்கள்.

வேலை செய்த லட்சணத்தைக் கேளுங்கள். 14 கிலோ தோம்பை வாசலிலிருந்து உருட்டியே கொண்டுவந்தான். உள்ளே சாமி விளக்கு எரிகிறது, அணைக்கச் சொல்லவில்லை. பழைய தோம்பில் ரெகுலேட்டரை மூடாமலே பிடுங்கினான். புதுசின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை எட்டியும் பார்க்கவில்லை. அது காய்ந்து வெடித்திருந்தாலோ, துளி மண் ஒட்டியிருந்தாலோ போதும். ரெகுலேட்டர் என்னவோ 'டக்'கென்றுதான் உட்காரும், ஓரத்தில் கேஸ் கசிந்துகொண்டே இருக்கும். டியூப்பில் கிளிப் இல்லை, வெறும் கம்பி சுற்றியிருக்கிறது. அதைப் பார்த்தான். நன்றாகவே பார்த்தான். "சிஞ்சாய்லா ஆண்டி!"

சாப்பாட்டுக் கடையில் "என்ன வேணும்?" என்றால் "சிஞ்சாய்". எதுவானாலும் சரி, நல்ல மனசு. ஹொக்கியன்காரர்கள் கொடுத்த அருமையான சொல். அதை வேலையில் கொண்டுவந்து வைத்தால் ஏனோதானோ. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் கத்தி ஆழமாக இறங்கினால், வேலையை மேற்பார்க்கும் எந்த மண்டோராவது சிஞ்சாய் என்று விட்டிருப்பாரா? காயம்பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும், மறுபடி வெட்ட உதவாது என்று அவருக்குத் தெரியும்.

கடைக்குப் போன் போட்டால் முதலாளி "கவனக்குறைவுங்க" என்கிறார். கண்ணால் பார்த்துவிட்டு விட்டதுக்குப் பேர் அலட்சியம் ஐயா!

பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கரைத்து இணைப்பில் தடவினால் தீர்ந்தது. குமிழி கிளம்பினால் கசிவு. மூடு, கதவு ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே. காற்றைவிடக் கனமான கேஸ், தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். இதைச் சொல்லக்கூட வாய் வலிக்கிறதா?

தோம்பு 26 வெள்ளி 60 சென், அதுக்கு மேல் கொண்டுவந்த கூலி. அதை மட்டும் இரண்டு தரம் எண்ணினான், அங்கே சிஞ்சாய் கிடையாது.

அது கிடக்கட்டும். இந்த டவுனில் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டால், அடியில் ஒரு விரற்கடைக்குச் சீனி எங்கிருந்துதான் வருகிறது?