62 வருடம் பறந்தது மிக்-21 ரகம்தான், அதே விமானம் இல்லை

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற, இந்திய விமானப்படையின் மிக்-21 போர் விமானங்கள் 1963-ல் வாங்கியவை, 62 வருடம் பழசு என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். பலரும் அதையே பகிர்கிறார்கள்.

சின்னத் திருத்தம். 1963-ல் வந்தது அந்த ரகம். கடைசியாகப் பறந்தவை அதன் பைசன் வகை: 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் வந்த மிக்-21 பிஸ் விமானங்களுக்குப் புது ரேடாரும் ஏவுகணைகளும் பொருத்தி மேம்படுத்தியவை. நாசிக்கில் அரசு விமான நிறுவனமான எச்.ஏ.எல். தயாரித்தவையும் அதில் உண்டு. சுமார் 40 வயது என்று சொல்லலாம். (அதுவும் போர் விமானத்துக்குக் கிழட்டு வயதுதான், மறுக்கவில்லை.) 1960களில் சேர்ந்த மிக்-21 எஃப்.எல். என்ற பழைய வகைக்கு 2013 டிசம்பரிலேயே மேற்கு வங்கத்தின் கலைகுண்டா விமானப்படைத் தளத்தில் விடைகொடுத்துவிட்டார்கள்.

நீங்களே பார்க்கலாம். மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகத்தின் (பி.ஐ.பி.) இணையதளத்தில் 2013 டிசம்பர் செய்திக்குறிப்புகளில் மிக்-21 எஃப்.எல். என்று தேடுங்கள். 2025 விடைபெறும் விழாப் படத்தைப் பெரிதாக்கி, விமானத்தின் பக்கவாட்டு எண்ணையும் கவனியுங்கள்: பைசன் என்றால் 'சி.யு.' என்று தொடங்கும்.